நார்கொண்டம் தீவு

நார்கொண்டம் தீவு அந்தமான் கடலில் உள்ள ஒரு சிறிய எரிமலைத் தீவு ஆகும். இந்தியாவின் அந்தமான் நிக்கோபார் ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த இது, போர்ட் பிளேரில் (தற்போது ஸ்ரீ விஜய புரம்) இருந்து வடகிழக்கே சுமார் 250 கி.மீ. தொலைவில் அமைந்துள்ளது. பரப்பளவு ஏறத்தாழ 7 சதுர கி.மீ. இதன் உயர்ந்த சிகரம் 710 மீட்டர் உயரமுடையது.

பெயர்க்காரணம்

நார்கொண்டம் என்பது 'நரக குண்டம்' என்னும் வடமொழித் தொடரின் திரிபு எனக் கருதப்படுகிறது. நரகத்தின் தீக்குழி என்பது இதன் பொருள். ஆனால் இத்தீவின் எரிமலை வரலாற்றுக் காலத்தில் வெடித்ததாகப் பதிவு இல்லை. தீவு முழுவதும் அடர்ந்த காடு மூடியுள்ளது.

இதற்குத் தென்மேற்கே சுமார் 135 கி.மீ. தொலைவில் பாரன் தீவு உள்ளது. அதன் எரிமலை வெடித்தது 1787-ஆம் ஆண்டிலேயே பதிவாகியுள்ளது. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் அடங்கியிருந்து, 1991-இல் மீண்டும் வெடித்தது. எனவே, 'நரக குண்டம்' என்பது முதலில் பாரன் தீவையே குறித்திருக்கலாம் என்றும், பிற்காலத்தில் தவறுதலாக நார்கொண்டத்துக்கு மாறியிருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. 'பாரன்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தரிசு என்று பொருள்.

நிலவியல்

இந்தியப் புவித்தட்டு பர்மியத் தட்டுக்குக் கீழே அமிழ்வதால் உருவான எரிமலைத் தொடரில் இவ்விரு தீவுகளும் அடங்கும். அமிழும் தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அதனால் பாறை உருகிக் கற்குழம்பாகி மேலெழுகிறது. நார்கொண்டம் பெரும்பாலும் ஆண்டிசைட்டு, டேசைட்டு வகைப் பாறைகளால் ஆனது.

உயிரினங்கள்

நார்கொண்டம் இருவாச்சி என்னும் பறவை இயற்கையில் உலகில் வேறெங்கும் காணப்படுவதில்லை. ஏ. ஓ. ஹியூம் 1873-இல் இதனை அறிவியல் முறையில் விவரித்தார். ஆண் பறவையின் தலையும் கழுத்தும் செம்பழுப்பு நிறத்திலும், பெண் பறவையின் உடல் கருமையாகவும் இருக்கும். அத்தி வகைப் பழங்களே இதன் முக்கிய உணவு. பெண் பறவை பெரிய மரங்களின் பொந்துகளில் தன்னை அடைத்துக்கொண்டு முட்டையிடும். அக்காலத்தில் ஆண் பறவையே இரை கொண்டுவந்து ஊட்டும். ஆகவே முதிர்ந்த மரங்கள் குறைந்தால் இவ்வினத்தின் இனப்பெருக்கமும் குறையும்.

பாதுகாப்பு

இத்தீவு 1977-இல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மியான்மர் (பர்மா) இத்தீவுக்கு உரிமை கோரி வந்தது. 1986-இல் இரு நாடுகளுக்கும் இடையே கடல் எல்லை உடன்பாடு ஏற்பட்டதும் அச்சிக்கல் தீர்ந்தது. கடலோரக் காவல்படை இங்கு ரேடார் நிலையம் அமைக்கக் கோரியபோது, இருவாச்சிகளின் வாழிடம் பாதிக்கப்படும் எனச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2012-இல் மறுத்தது. பின்னர் 2014-இல் அனுமதி வழங்கப்பட்டது.