காற்றாலையும் பறவைகளும்

மாதுங்கா வீடுகளில் மாலை விளக்கு எரிகிறது. தாராவியில் தையற்பொறிகள் ஓடுகின்றன. இவற்றை இயக்கும் மின்தொகுப்பில் இன்று மகாராஷ்டிரத்து மேட்டுநிலங்களிற் சுழலும் காற்றாலைகளின் விசையும் கலந்துள்ளது. டிராம்பே அனல் நிலையத்தின் அண்டையில் வாழும் செம்பூர் நேயர்களுக்குக் கரியெரியாத மின்சாரத்தின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அலுவலகத் தாள்களில் 'மாசற்ற மின்சாரம்' என மொழிபெயர்த்து எழுதும்போதெல்லாம், பறவைகளின் கணக்கு அதிற் சேரவில்லையே என்னும் ஐயம் நமக்கு எழுவதுண்டு.

இடர் எவ்வாறு நேர்கிறது? மலைச்சரிவில் மோதி மேலெழும் காற்றே காற்றாலைக்கு உயிர். பருந்தும் கழுகும் சிறகடிக்காது மிதப்பதும் அதே காற்றில்தான். தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு ஆலையின் இறக்கைகள் மெல்லச் சுழல்வதாகவே தோன்றும். அவற்றின் நுனியோ மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் விரையக்கூடியது. தரையில் இரை தேடும் பறவை எதிரே வருவதைக் காண்பதில்லை.

சாத்தாரா மாவட்டத்துச் சால்கேவாடி மேட்டுநிலத்தில் நடந்த ஆய்வொன்று 2018-இல் வெளியாயிற்று. காற்றாலைகள் நிற்கும் பகுதியில், அவை இல்லாத பகுதியினும் வேட்டைப் பறவைகள் ஏறக்குறைய நான்கிலொரு பங்கே காணப்பட்டன. பகை குறையவே, தொண்டையில் விசிறிபோன்ற வண்ணத்தோலுடைய ஓணான்கள் பெருகின. பெருகியும் கொழுக்கவில்லை, மெலிந்தே இருந்தன. மனிதர் நெருங்கினும் விரைந்தோடவில்லை. இறந்த பறவைகளை மட்டும் எண்ணினால் இம்மாறுதல் புலப்படாது. அவ்வெண்ணிக்கையும் முழுமையாகாது, நாயும் நரியும் முந்திக்கொள்கின்றன.

சில பறவைகளுக்கு ஆலையினும் மின்கம்பியே கொடிது. ராஜஸ்தானத்தில் 200-க்கும் குறைவாக எஞ்சியுள்ள கானமயில் அவற்றுள் ஒன்று. அதன் முன்னோக்கும் பார்வை குறுகியது, உடல் கனத்தது, கம்பியைக் கண்டபின் திரும்ப இயல்வதில்லை. 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளை நிலத்தடியிற் பதிக்குமாறு ஆணையிட்டது. செலவையும் தொழில்நுட்ப இடர்ப்பாட்டையும் காட்டி அரசு முறையிடவே, 2024 மார்ச்சில் அவ்வாணையைத் தளர்த்தி, நிபுணர் குழுவொன்றை அமைத்தது. காலநிலை மாற்றத்தின் தீங்கினின்று காக்கப்படும் உரிமை மக்களுக்கு உண்டென்றும் அதே தீர்ப்பு கூறிற்று. இரு பக்கமும் நியாயம் இருந்த வழக்கு அது.

வழிகள் இல்லாமலில்லை. நார்வேயின் சுமோலா தீவில் மூன்று இறக்கைகளுள் ஒன்றிற்குக் கருவண்ணம் தீட்டினர். பறவைச் சாவு ஏறக்குறைய 70 விழுக்காடு குறைந்தது. சோதித்தவை நான்கே ஆலைகள் எனினும், செலவு சிறிது. ஸ்பெயினின் தெற்கே பாறுக் கழுகுகள் நெருங்குங்கால் குறிப்பிட்ட ஆலைகளைச் சற்று நிறுத்தினர். சாவு பாதியாயிற்று, மின்னிழப்போ மிகச் சொற்பம்.

எனினும் முதன்மையானது இடத்தேர்வு. 2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் அனல் நிலையங்கள் இடம்பெற்றன; காற்றாலைகள் இடம்பெறவில்லை. கோபுரம் நாட்டுமுன், அவ்விடத்துப் பறவைகளின் போக்குவரவை ஓராண்டேனும் நோக்கிப் பதிவு செய்யும் கடமை ஆலை நிறுவுவோர்க்கு விதிக்கப்பட வேண்டும் என்பது நம் துணிபு.