காலுக்கு ஒரு வேலை! பழைய கிதார் மிதி கீபோர்டுக்கு உதவும் விதம்

கீபோர்டு வாசிப்பவருக்கு இரண்டு கைகள் போதாது. வலது கை பாட்டை வாசிக்கிறது. இடது கை துணை ஸ்வரங்களை அமுக்குகிறது. நடுவில் வயலின் ஓசை மெல்ல எழுந்து, பெருகி, அடங்க வேண்டும். அதை யார் செய்வது? கால்தான்!

ஓசையை இப்படிப் பெருக்கி அடக்கும் ஆசை பழையது. 1712-ம் ஆண்டில், லண்டன் பாலத்தை ஒட்டிய செயின்ட் மாக்னஸ் தேவாலயத்துக்கு ஆபிரகாம் ஜோர்டன் என்பவர் ஓர் ஆர்கன் செய்து கொடுத்தார். சில குழல்களை ஒரு பெட்டிக்குள் அடைத்தார். பெட்டி திறந்தால் ஓசை பெருகும். மூடினால் அடங்கும்.

இன்றைய கீபோர்டில் பெட்டி இல்லை. அதற்குப் பதில் 'எக்ஸ்பிரஷன் பெடல்' என்ற மிதியைச் செருக ஒரு துளை இருக்கும். மிதியைத் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். ஆனால், கிதார் வாசிக்கும் அண்ணனின் பழைய வால்யூம் மிதி பரணில் சும்மா கிடந்தால்?

இரண்டும் ஒன்றா?

பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்! உள்ளே இருப்பதும் ரேடியோக்காரர்கள் 'வால்யூம் கண்ட்ரோல்' என்று சொல்லும் அதே சாமான்தான். ரேடியோவில் விரல் திருகுகிறது. இங்கே பாதம் திருகுகிறது.

வேலைதான் வேறு. கிதார் மிதிக்குள் கிதாரின் ஓசை மின்சாரமாகப் போய், வேண்டிய அளவு வெளியே வரும். எக்ஸ்பிரஷன் மிதிக்குள் ஓசையே போவதில்லை! கீபோர்டு சிறிதளவு மின்சாரத்தை அனுப்புகிறது. மிதி அதில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறது. கால் எவ்வளவு அழுந்தியிருக்கிறது என்பதற்கு அதுதான் சேதி.

போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று, பொதுவாக ஒன்று. ஆக மூன்று கம்பிகள் வேண்டும். கிதார் வயரில் இருப்பதோ இரண்டு! மூன்று பிரிவுள்ள ஸ்டீரியோ பிளக் ஒரு முனையிலும், இரண்டு சாதாரண பிளக்குகள் மறு முனையிலும் உள்ள வயர் கடைகளில் கிடைக்கும். ஸ்டீரியோ பிளக் கீபோர்டுக்கு. அதன் வளையத்திலிருந்து வரும் பிளக் மிதியின் 'இன்' துளைக்கு. நுனியிலிருந்து வருவது 'அவுட்' துளைக்கு. சில கம்பெனிகள் நுனியையும் வளையத்தையும் மாற்றி வைத்திருக்கின்றன. கீபோர்டின் கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது. பாட்டரி போட்டு இயங்கும் மிதியாக இருந்தால் இந்த வேலைக்கு ஆகாது.

காது செய்யும் குறும்பு

இனிதான் சிக்கல். ஓசை இரு மடங்காகக் கேட்க, ஏறக்குறைய பத்து மடங்கு சக்தி வேண்டும். நம் காது அப்படி! அதற்கு ஏற்றபடியே கிதார் மிதியின் கண்ட்ரோல், முதலில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் ஏறும்படி செய்யப்பட்டது. கீபோர்டோ 0 முதல் 127 வரை எண்ணிப் பார்க்கிறது. பாதி மிதித்தால் 64 வர வேண்டும். இருபதைக்கூடத் தாண்டாமல் நிற்கும்! பிறகு கடைசி அங்குலத்தில் ஓசை குபீரென்று பாயும். மெல்ல எழ வேண்டிய வயலின், அலறிக்கொண்டு எழும்.

மருந்து எளியது. கிதார் மிதியில் பெரும்பாலும் 250 அல்லது 500 கிலோ ஓம் கண்ட்ரோல் இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, சீராக ஏறும் 10 கிலோ ஓம் கண்ட்ரோலைப் பற்ற வைக்க வேண்டும். 'பி 10 கே' என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும். அதன் தண்டு, மிதியின் பல்சக்கரத்தில் பொருந்துகிறதா என்று அளந்து வாங்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்.

அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே திருப்புளியை எடுப்பது உத்தமம். கண்ட்ரோலை மாற்றிய பின் அந்த மிதியில் கிதாரை நேராகச் செருகினால், ஓசை மங்கி, போர்வைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்கும்.