வெயிலில் ஜிலுஜிலு! குளிரில் கதகதப்பு!
காருக்குள் நடக்கும் விந்தை

வெளியே அனல் வீசுகிறது. காருக்குள் ஜில்லென்று காற்று வருகிறது. பனி கொட்டும் நாடுகளில் இதற்கு நேர்மாறு. வெளியே கை கால் விறைக்கிறது. காருக்குள் கதகதப்பு!

இந்த விந்தை எப்படி நடக்கிறது? காருக்குள் அடுப்பு எரிவதில்லை. ஐஸ் கட்டியும் கிடையாது. ஓர் இடத்தில் உள்ள வெப்பத்தை இன்னோர் இடத்துக்கு மாற்றுகிறார்கள். அதுதான் ரகசியம்!

வீணாகும் சூடு

பெட்ரோல் எரிந்து எஞ்சின் ஓடுகிறது. அந்தச் சக்தியில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதில்லை. சூடாக வீணாகிறது. எஞ்சின் கொதித்து விடாமல் இருக்க அதைச் சுற்றித் தண்ணீர் ஓடுகிறது. அந்தத் தண்ணீர் சுமார் 90 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேறும்.

இந்த வெந்நீரில் ஒரு பகுதி, டிரைவருக்கு முன்னால் மறைவாக உள்ள ஒரு சிறிய ரேடியேட்டருக்கு வருகிறது. அதன் மீது விசிறி காற்றை வீசுகிறது. காற்று சூடாகி உள்ளே நுழைகிறது. அமெரிக்காவில் நாஷ் கம்பெனி தனது 1938-ம் ஆண்டு கார்களில், வெளிக்காற்றை வடிகட்டிச் சூடாக்கி உள்ளே அனுப்பும் ஏற்பாட்டைச் செய்தது.

குளிர் வரும் வழி

ஈரக் கையில் காற்றுப் பட்டால் ஜில்லென்று இருக்கும். ஈரம் ஆவியாகும்போது கையின் வெப்பத்தையும் எடுத்துச் செல்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான்.

காரிலும் அதே தத்துவம்! எளிதில் ஆவியாகும் ஒரு திரவம் குழாய்களில் ஓடுகிறது. அது ஆவியாகும்போது காருக்குள் உள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. காற்று குளிர்கிறது. பிறகு அந்த ஆவியை ‘கம்ப்ரசர்’ என்ற கருவி அழுத்துகிறது. பெட்ரோல் காரில் எஞ்சினின் பெல்ட்தான் இதைச் சுழற்றுகிறது. அழுத்தப்பட்ட ஆவி காரின் முன்புறக் குழாய்களுக்குப் போய், வெப்பத்தை வெளியே விட்டு, மீண்டும் திரவமாகிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறது.

அந்தக் காலத்துத் தொல்லை

குளிர்சாதனம் பொருத்திய காரை முதலில் விற்பனைக்குக் கொண்டு வந்தது அமெரிக்காவின் பாக்கார்டு கம்பெனி. இது அதன் 1940-ம் ஆண்டு கார். குளிர்க்கருவி, பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் பாதியை அடைத்துக் கொண்டது. குளிர் போதும் என்றால் எஞ்சினை நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும்!

1954-ல் நாஷ் கம்பெனி எல்லாக் கருவிகளையும் முன்புறமே அடக்கியது. 1964-ம் ஆண்டு கடிலாக் காரில் வெப்பநிலையைக் குறித்து வைத்தால் போதும். மற்றதைக் கருவியே கவனித்துக் கொண்டது.

எஞ்சின் நின்றால் ஆபத்து!

எஞ்சினை நிறுத்தினால் குளிர்சாதனமும் நிற்கும். வெயில் கண்ணாடி வழியாக உள்ளே வரும். வந்த வெப்பம் வெளியே போகாது. மூடிய காரில் ஒரு மணி நேரத்தில் வெப்பம் சுமார் 22 டிகிரி கூடிவிடும். பெரும்பங்கு முதல் அரை மணியிலேயே! கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தாலும் பெரிய பயன் இல்லை.

குழந்தையின் உடல், பெரியவர் உடலைவிட வேகமாகச் சூடேறும். அமெரிக்காவில் மட்டும் 1998 முதல் 2024 வரை 1,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இப்படிக் காருக்குள் இறந்திருக்கிறார்கள். பலர், பெற்றோர் மறந்து விட்டுப்போன குழந்தைகள்!

எஞ்சினை ஓடவிட்டு, மூடிய ஷெட்டுக்குள் காரில் தூங்குவதும் ஆபத்து. எஞ்சின் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கத்திலேயே உயிரைக் குடித்து விடும்.

ஆகவே, ‘ஐந்தே நிமிடத்தில் வந்து விடுகிறேன்’ என்று குழந்தையைக் காரில் விட்டுக் கடைக்குப் போகாதீர்கள். கதவைப் பூட்டும் முன் பின் இருக்கையை ஒருமுறை பாருங்கள். அந்த ஒரு பார்வை ஓர் உயிரைக் காக்கும்!