முடக்குவாதமும் பக்கவாதமும்

‘வாதம்’ என்னும் ஒரே சொல்லால் பல நோய்களைக் குறிப்பது நம் வழக்கம். மூட்டுகள் வீங்கி முடங்குவது முடக்குவாதம். மூளையின் இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது பக்கவாதம். இரண்டும் வெவ்வேறு நோய்களே. எனினும், நெடுநாள் முடக்குவாதத்தால் வருந்துவோர்க்குச் சில வேளைகளில் பக்கவாதத்தை ஒத்த குறிகள் தோன்றுவதுண்டு. செல்லூரில் தறியில் அமரும் அங்கத்தினரும், மேலூரில் வயலில் இறங்கும் அங்கத்தினரும் இதனை அறிந்திருத்தல் நலம்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்குவதால் விளைவது முடக்குவாதம். ஆடவரினும் பெண்டிரையே இது மிகுதியாகப் பற்றும். கழுத்தின் முதலிரண்டு எலும்புகளைப் பிணைக்கும் நாரையும் இது நாளடைவில் தளர்த்திவிடக்கூடும். அப்பொழுது எலும்பு நழுவித் தண்டுவடத்தை அழுத்தும். பிடரி வலி, கைகளில் மரமரப்பு, கழுத்தைக் குனியுங்கால் முதுகில் மின்சாரம் பாய்ந்தாற்போன்ற உணர்ச்சி, நடைத் தள்ளாட்டம், சிறுநீரை அடக்க இயலாமை ஆகியவை இதன் குறிகள். அறுந்த இழையை முடிய விரல்கள் மறுப்பதே நெசவாளருக்கு முதற்குறியாகலாம்.

சிலருக்கு மணிக்கட்டின் வீக்கம் நரம்பை நெருக்க, பெருவிரலும் அடுத்த இரு விரல்களும் இரவில் மரத்துப்போகும். வேறு சிலருக்கு நரம்பை ஊட்டும் நுண்குழாய்கள் அழற்சியுற்றுப் பாதம் தொங்கிவிடும். மிக அரிதாக, மூளையைச் சூழ்ந்த உறை அழற்சியுறுங்கால், பேச்சுக் குழறலும் ஒருபக்கத் தளர்ச்சியும் வந்து வந்து நீங்கும். மருத்துவரும் இதனைப் பக்கவாதமென்றே முதலில் ஐயுறுவர், எம்.ஆர்.ஐ. படம் முதலிய சோதனைகளாலேயே உண்மை தெளிவாகும்.

முடக்குவாதம் உடையவர்க்கு மெய்யான பக்கவாதம் வாராதோ எனின், மற்றவரினும் சற்று மிகுதியாகவே வரும். நீடித்த அழற்சி இரத்தக் குழாய்களையும் கெடுக்கும். ஆகவே, வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, ‘பழைய வாதந்தானே’ என்று எண்ணெய் தேய்த்துக் காத்திருத்தல் தகாது. 108 வண்டியை உடனே அழைத்தல் வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை, குறி தோன்றிய நாலரை மணி நேரத்துக்குள் செலுத்துவதே முறை. எந்த நோய் என்று பிரித்தறிதல் மருத்துவர் கடமை. மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை போன்ற இடத்துக்கு நேரத்தில் கொண்டு சேர்த்தல் நம் கடமை.

முடக்குவாதம் உடையோர் மேலும் சில கவனிக்க வேண்டும். முடிவெட்டும் கடையில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்க இசையலாகாது; சுளுக்கு வழிப்போரிடமும் கழுத்தைக் கொடுத்தலாகாது. எந்த அறுவைக்கு மயக்க மருந்து பெறுவதாயினும், தமக்குள்ள மூட்டு நோயை முன்னரே கூறல் வேண்டும். வலி தணிந்ததென்று மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. தண்டுவடம் நெடுநாள் நசுங்கினால் இழந்த வலிமை முற்றும் மீளாமற் போகலாம். காலத்தே கண்டால் அறுவையால் எலும்பை நிலைநிறுத்தலாம்.

சங்கக் காரியதரிசிகள் இச்செய்தியைப் பொதுக்கூட்டத்தில் அங்கத்தினர்க்கு வாசித்துக் காட்டுவார்களாக. கடனுக்கு ஜாமீன் நிற்கும் நாம், அண்டை வீட்டாரின் கைகால்களுக்கும் துணை நிற்போமாக.