ஈர மண்ணில் வெள்ளைப் புள்ளி

பாலாற்றுத் தண்ணீரைத் தேக்கி வைத்திருக்கும் பேத்தமங்களா ஏரிதான் கோலார் தங்கவயலுக்குக் குழாய்வழி நீர் கொடுத்தது. சுரங்கங்களை 2001இல் மூடிவிட்டார்கள். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்தப் பக்கத்துத் தெருக்களில் வாசல் தெளிக்கும் வழக்கம் மட்டும் இன்னும் மூடப்படவில்லை. கோலம், ரங்கோலி, முக்கு என்று வீட்டுக்கு வீடு பெயர் மாறும். முதல் வேலை தண்ணீர் தெளிப்பதுதான்.

புழுதி அடங்கத் தெளிக்கிறோம் என்பார்கள். கண்ணுக்கும் அதில் லாபம் உண்டு. காய்ந்த மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று இருக்கிறது. விழும் வெளிச்சத்தில் நிறைய பங்கு சிதறித் திரும்பிவிடும். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் வெளிச்சம் இன்னும் ஆழமாக இறங்கி மண்ணாலேயே உறிஞ்சப்படும். அதனால்தான் ஈரத் தரை கறுத்துத் தெரிகிறது. விடியற்காலை மங்கலில் இது இன்னும் கூடும். குறைந்த ஒளியில் நம் கண் சிவப்பை வெகுவாக இழந்துவிடுகிறது. செம்மண் ஏறக்குறைய கருப்பாகிவிடும். வெள்ளை மாவுக்கு இதைவிட நல்ல பலகை கிடைக்காது.

ஓவியர் காண்டின்ஸ்கி 1926இல் ஜெர்மனியில் வெளியிட்ட புகழ்பெற்ற நூல் புள்ளியில் தொடங்கி, கோட்டுக்குப் போய், பிறகுதான் தளத்துக்கு வருகிறது. வடிவமைப்பு வகுப்புகளும் பெரும்பாலும் புள்ளி, கோடு, வடிவம், நிறம் என்றே போகின்றன. வாசலிலோ தளம் முதலில் வருகிறது. எனக்கு வாசல் முறைதான் சரியென்று படுகிறது. கருப்பு இல்லாமல் வெள்ளைப் புள்ளி ஏது?

விழித்திரையும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறது. 1953இல் ஸ்டீபன் குஃப்லர் பூனையின் விழித்திரை நரம்புச் செல்களை ஆராய்ந்தார். ஒரு வகைச் செல், நடுவில் வெளிச்சமும் சுற்றிலும் இருட்டும் இருந்தால் பலமாகத் துடித்தது. எங்கும் ஒரே வெளிச்சம் என்றால் அதற்கு அவ்வளவு அக்கறை இல்லை. இருண்ட தரையில் வைத்த வெள்ளைப் புள்ளி அந்தச் செல்லுக்கென்றே வைத்ததுபோல் இருக்கிறது.

அடுத்தது கோடு. குஃப்லரின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த டேவிட் ஹ்யூபலும் டார்ஸ்டன் வீசலும் மூளையின் பார்வைப் பகுதிக்குப் புள்ளிகளைக் காட்டிக் காட்டிச் சலித்துப்போனார்கள். செல்கள் அசையவே இல்லை. ஒருமுறை கண்ணாடிச் சில்லைக் கருவிக்குள் செருகும்போது ஒரு செல் படபடவென்று பொரிந்தது. சில்லில் இருந்த புள்ளிக்காக அல்ல; சில்லின் விளிம்பு திரையில் போட்ட மெல்லிய நிழல்கோட்டுக்காக. அதுவும் குறிப்பிட்ட சாய்வில் நகர்ந்தால் மட்டும். 1981இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. புள்ளியைப் பிடிப்பது விழித்திரை, கோட்டைப் பிடிப்பது மூளை என்று கொஞ்சம் தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சில கோலங்களில் கோடு புள்ளிகளைத் தொட்டுச் சேர்க்கும். சிக்குக் கோலத்தில் தொடவே தொடாது; சுற்றி வளைந்து, தன்னையே வெட்டிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். அங்கே புள்ளி வெறும் காவல்காரன். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் 1974இல் இத்தகைய கோலங்களுக்குக் கணினி இலக்கணம் வகுத்துக் கட்டுரை எழுதினார்கள். இலக்கணம் என்றால் நிஜமாகவே இலக்கணம்: எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு வரலாம் என்ற விதிகள்.

கணக்கில் ருசி உள்ளவர்கள் ஒன்றைச் செய்து பார்க்கலாம். வரிசைக்கு 4 புள்ளியாக 3 வரிசை வையுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே கோடு சாய்வாகக் குறுக்கிடட்டும், ஓரத்தில் மட்டும் திரும்பட்டும். ஒரே கோட்டில் கோலம் முடிந்துவிடும். மூன்றுக்கு மூன்று வைத்தால் தனித்தனியாக மூன்று கோடுகள் வரும். நாலுக்கு ஆறு என்றால் இரண்டு. இரு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கோடுகள். ஸ்டிக்கர் கோலம் ஒட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லையும் இல்லை, சுகமும் இல்லை.

நாலுக்கு ஆறையும் ஒரே கோட்டில் முடிக்க வழி இருக்கிறது. இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் ஏதாவது ஒன்றில், வெட்டவிடாமல் இரண்டையும் வளைத்துத் திருப்பிவிட்டால் போதும். இரண்டும் ஒன்றாகிவிடும்.