கோதுமை ஒவ்வாமை ஆய்வில் விலங்கு மாதிரிகள்

கோதுமைப் புரதங்களுக்கு மனித உடல் காட்டும் ஒவ்வாமையை ஒத்த நிலையை உருவாக்கி ஆராய்வதற்குப் பயன்படும் சுண்டெலி, எலி, நாய் முதலிய விலங்குகள் கோதுமை ஒவ்வாமையின் விலங்கு மாதிரிகள் எனப்படுகின்றன. தீவிர ஒவ்வாமை உயிரிழப்பை ஏற்படுத்தக்கூடியது. ஆகவே, நலமாக உள்ள ஒருவரிடம் அதனை வேண்டுமென்றே உண்டாக்கி ஆராய்தல் முறையன்று. ஒவ்வாமை எவ்வாறு தொடங்குகிறது என்பதை அறிய இம்மாதிரிகள் துணைபுரிகின்றன.

நோயின் தன்மை

கோதுமைப் புரதங்களுக்கு எதிராக உடலில் உருவாகும் ஐ.ஜி.ஈ என்னும் பிறபொருளெதிரி, மாஸ்ட் செல்களின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. அப்புரதம் மீண்டும் உடலினுள் நுழையும்போது இச்செல்கள் இசுடமின் முதலிய வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. இதனால் தோல் தடிப்பு, மூச்சுத்திணறல், குருதி அழுத்த வீழ்ச்சி ஆகியன ஏற்படலாம். சீலியாக் நோய் இதனின்று வேறானது. அது குளூட்டனால் தூண்டப்படும் தன்னுடல் தாக்கு நோயாகும்.

பயன்படும் விலங்குகள்

சுண்டெலி: ஐ.ஜி.ஈ மிகுதியாக உருவாகும் பால்ப்-சி வகை பெரிதும் பயன்படுகிறது. உணவாக உண்ணும் புரதத்தைச் சுண்டெலியின் உடல் இயல்பாகவே ஏற்றுக்கொள்ளும். எனவே கோதுமைப் புரதத்துடன் படிகாரச் சேர்மம் போன்ற துணையூக்கிகளைச் சேர்த்துச் செலுத்துவர், அல்லது புரதத்தைத் தோலின் மீது இடுவர். பின்னர் மீண்டும் புரதத்தைக் கொடுத்து, உடல் வெப்பநிலை வீழ்ச்சியையும் குருதியிலுள்ள ஐ.ஜி.ஈ அளவையும் அளப்பர்.

எலி: பிரவுன் நார்வே வகை எலியும் ஐ.ஜி.ஈ-யை மிகுதியாக உருவாக்கும் இயல்புடையது.

நாய்: கோதுமை ஒவ்வாமை கொண்ட நாய்களின் தோலில் சோதனை செய்த கலிபோர்னிய ஆய்வாளர்கள், தையோரெடாக்சின் என்னும் புரதம் கோதுமைப் புரதங்களின் இருசல்பைடு பிணைப்புகளைக் குறைக்கும்போது ஒவ்வாமை விளைவும் தணிவதை 1997-ல் வெளியிட்டனர். இப்பிணைப்புகள் இல்லாத ஒமேகா கிளையடின்களில் அப்பயன் காணப்படவில்லை.

சப்பானில் ஒரு நிகழ்வு

சப்பானில் நீராற்பகுத்த கோதுமைப் புரதம் சேர்த்த முகச் சவர்க்காரம் ஒன்றைப் பயன்படுத்தியோரில் 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை ஏற்பட்டது. அவர்களுள் பலர் அதற்கு முன்னர் கோதுமை உணவை இடரின்றி உண்டவர்கள். அச்சவர்க்காரம் 2011-ல் திரும்பப் பெறப்பட்டது. அதில் சேர்க்கப்பட்ட புரதத்தைச் சுண்டெலிகளின் தோலில் இட்டபோது ஐ.ஜி.ஈ உருவானதை 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. உணவுப்பாதை வழியாக மட்டுமன்றி, தோல் வழியாகவும் உணவு ஒவ்வாமை தொடங்கக்கூடும் என்பதற்கு இது வலுச் சேர்த்தது.

வரையறைகள்

சுண்டெலியில் ஐ.ஜி.ஜி வகைப் பிறபொருளெதிரிகளாலும் ஒவ்வாமை அதிர்ச்சி ஏற்படலாம், மனிதரில் ஐ.ஜி.ஈ-யே முதன்மையானது. துணையூக்கி கொண்டு உண்டாக்கும் ஒவ்வாமை, மனிதரிடம் இயல்பாகத் தோன்றும் ஒவ்வாமைக்கு முற்றிலும் ஈடாகாது. ஆகையால் ஒரு கோதுமை வகையோ மருந்தோ விலங்குகளில் தீங்கற்றது எனத் தெரிந்தாலும், ஒவ்வாமை உள்ளோருக்கு அது பாதுகாப்பானது என முடிவு செய்ய இயலாது. அதற்கு மருத்துவர் கண்காணிப்பில் மனிதரிடம் செய்யப்படும் சோதனைகள் இன்றியமையாதன.