நோட்டரி முத்திரையும் என் அறுபது சென்ட்டும்

"நோட்டரி வக்கீல் கையெழுத்துப் போட்டு, சிவப்பு சீலும் ஒட்டிக் கொடுத்திருக்காரு. இதுக்கு மேல என்ன மாமா வேணும்?" நிலம் வாங்கப்போகும் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி போன வாரம் என்னிடம் கேட்டான். பன்னிரண்டு வருசத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் தோட்டத்தை ஒட்டி 60 சென்ட். விற்றவர் எனக்குச் சித்தப்பா முறை. பத்திரச் செலவுக்குப் பயந்து, 20 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி, நோட்டரி கையெழுத்து வாங்கி, முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டேன். உப்பு உரத்தால் இறுகிப்போன மண். பலதானிய விதைப்பு, மூடாக்கு, அமுதக்கரைசல் என்று ஆறு வருசம் பாடுபட்டபின் மண்புழு எட்டிப் பார்த்தது.

அந்த வருசமே சித்தப்பா காலமானார். பட்டா அவர் பெயரில். வில்லங்கச் சான்றில் என் பெயரே கிடையாது. வாரிசுகளில் ஒருவர் வெளியாளுக்கு விலை பேச ஆரம்பித்துவிட்டார்.

தாளை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன். அவர் சொன்னது இதுதான்: கையெழுத்துப் போட்டவர் இன்னார்தான் என்பதற்கே நோட்டரி சாட்சி. மூலப்பத்திரத்தை அவர் பார்ப்பதில்லை. உரிமையை மாற்றித் தரவும் முடியாது. 100 ரூபாய்க்குக் குறையாத நிலத்தின் விற்பனை, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்தால்தான் செல்லும். பதியாத தாள், பணம் கொடுத்ததைக் காட்ட உதவலாம். நிலம் நம்முடையது என்று காட்ட உதவாது. பதிவேட்டில் ஏறாததால், வாங்க வருகிறவர் கண்ணுக்கும் அது தெரியாது.

நல்லவேளை, நிலம் கைமாறவில்லை. ஊர்ப் பெரியவர்கள் பேசி, மேற்கொண்டு ஒரு தொகை கொடுத்து, மூன்று வாரிசுகளும் கையெழுத்துப் போட்டுப் பதிந்து கொடுத்தார்கள். மிச்சம் பிடித்த பத்திரச் செலவைப்போலப் பல மடங்கு போனது.

குத்தகைக்கு நிலம் தேடும் இளைஞர்களும் கவனிக்க வேண்டும். 1908ஆம் வருசத்துப் பதிவுச் சட்டப்படி, ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தையும் பதிய வேண்டும். தானம், எழுதிக்கொள்ளும் பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகியவற்றுக்கும் இதே விதிதான். எழுதிய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்குமுன் மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிரமாணப் பத்திரம், நகல் சான்று போன்றவற்றுக்கு நோட்டரியிடம் போகலாம், தப்பில்லை.

மண்ணை வளமாக்க வருசக்கணக்கில் ஆகிறது. பதிவுக்கு ஒரு நாள் போதும்.

தம்பி தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். "திங்கக்கிழமை பதிவாபீசுக்கு நீங்களும் வாங்க மாமா" என்றான். போகிறேன்.